தலைதீபாவளிக் கதவு

குருசுக்குப்பம், புதுச்சேரி
14-6-1981

அன்பு மகள் அமிர்தவல்லிக்கு அப்பா மண்ணாங்கட்டி எழுதுவது.

இங்கே நானும் உன் அம்மாவும் நலம். அதாவது காலையில் ஒரு சண்டை, மாலையில் ஒரு சண்டை என்று வேளை தவறாமல் நடக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் ஓசூரில் நலமா, அந்தக் குளிர் உன் உடம்புக்கு ஒத்துக்கொண்டதா என்று எழுது.

கல்யாணம் முடிந்து நீ போன பிறகு வீட்டில் நடந்த ஒரே விசேஷம் தெருக்கதவுதான். கடல் காற்றில் உப்பிப்போய்ச் சட்டத்துக்குள் அடங்காமல் நிற்கிறதே, அதை நானே சீவிவிடுகிறேன் என்று போன ஞாயிற்றுக்கிழமை இறங்கினேன். சீவி முடித்த பிறகுதான் கீல் இருக்கிற பக்கத்தைச் சீவியிருக்கிறேன் என்று தெரிந்தது. இப்போது ஒரு பக்கம் முட்டுகிறது, இன்னொரு பக்கம் பூனை நுழைகிறது. "மில்லுல அத்தினி மிஷினைப் பாக்குற மனுசனுக்கு வூட்டுல ஒரு கதவைப் பாக்கத் தெரியல" என்று உன் அம்மா தெருவுக்கே சொல்லிவிட்டாள். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துச் செர்த்திபிக்கா பரீட்சையில் இரண்டு தடவை கோட்டை விட்டவனிடம் வேறென்ன எதிர்பார்க்கிறாள்? பழையபடி அம்மிக்குழவியை முட்டுக்கொடுத்துவிட்டுப் படுக்கிறோம். ராஜாங்கம் ஆசாரியிடம் புதிதாகத் தேக்குக் கதவு ஒன்று சொல்லிவைத்திருக்கிறேன்.

கடிதம் எழுதும்போதெல்லாம் என்ன சமைத்தாய் என்று மறக்காமல் எழுது. அம்மாவின் உத்தரவு. மற்றதை நான் படித்துக் காட்டினால் கொட்டாவி விடுவாள். குழம்பு வந்தால் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வாள்.

மாப்பிள்ளைக்கு எங்கள் விசாரிப்பைச் சொல்.

இப்படிக்கு
அப்பா


ஓசூர்
2-7-1981

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அமிர்தம் எழுதுவது. நாங்கள் சுகம். உங்கள் சுகத்துக்கு எழுதவும். குளிர் பழகிவிட்டது. காலையில் பல் விளக்கும்போதுதான் அழுகை வருகிறது.

கதவுக் கதையைப் படித்துச் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். அவர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "யார்கிட்டே சிரிக்கிறே?" என்று கேட்டார். அப்பாவிடம் என்றேன்.

நம் வீடு மனைப்பிரிவின் கடைசிக்கு முந்தின வீடு. அடுத்து ஒரே ஒரு வீடு, அதற்கப்புறம் கேழ்வரகுக் கொல்லைதான். அந்த வீட்டில் நரசம்மா என்று ஒரு தெலுங்குக்காரம்மா, கீரைப் பாத்தி வைத்திருக்கிறார்கள். தினமும் காலையில் நம் சமையலறை ஜன்னலில் கையை நீட்டி ஒரு கட்டு வைத்துவிட்டுப் பத்து நிமிஷம் பேசிவிட்டுப் போவார்கள். அவர்கள் பேசுவதில் எனக்குப் பாதி புரியாது. நான் பேசுவது அவர்களுக்கு முழுக்கவே புரியாது. அம்மாவிடம் சொல்லுங்கள்: திங்கள் முளைக்கீரை கடைந்தேன், செவ்வாய் அகத்திக்கீரை, நேற்றுப் புளிச்சக்கீரை. அவருக்குக் கருவாட்டு வாசனை ஆகாது. நீங்கள் கொடுத்தனுப்பிய நெத்திலியை நரசம்மாவுக்குக் கொடுத்துவிட்டேன்.

அவர் வீட்டு வேலை தொடங்கியிருக்கிறார். ஷிப்டு முடிந்து வந்து அவரே கல் அடுக்குகிறார். முதலில் சுற்றுச்சுவரை ஆள் உயரத்துக்குத் தூக்கப்போகிறாராம்.

அன்புடன்
அமிர்தம்


குருசுக்குப்பம்
20-7-1981

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. உன் கடிதம் கிடைத்து நானும் அம்மாவும் உடம்பு தேறினோம். மூன்று நாள் கீரை மூன்று விதமாக இருந்ததில் அம்மாவுக்குப் பரம திருப்தி. முளைக்கீரையில் பூண்டை நசுக்கித்தான் போட வேண்டுமாம், அரிந்து போட்டால் அது ஆஸ்பத்திரிக் கீரையாம்.

மாப்பிள்ளை தன் கையாலேயே சுவர் வைக்கிறார் என்று படித்ததிலிருந்து எனக்கு வீட்டில் மரியாதை போய்விட்டது. "பாத்தியா, அது ஆம்பளை" என்கிறாள். எதிர் வீட்டில் பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் கிழவர் இருக்கிறாரே, அவரிடமும் போய்ச் சொல்லியிருக்கிறாள். அவர் என்னைக் கூப்பிட்டு, "முசியே மண்ணாங்கட்டி, மருமகனிடம் பாடம் கேள்" என்றார். கேட்கத்தான் வேண்டும். வீட்டைப் பார்த்துப் பார்த்துச் செய்கிற மாப்பிள்ளை எத்தனை பேருக்குக் கிடைக்கிறான்? நீ கூடமாட நின்று சாந்து எடுத்துக் கொடு.

கருவாடு ஆகாதென்றால் விட்டுவிடு. எனக்கும்தான் உன் அம்மாவின் பேச்சு ஆகாது. இருபத்தைந்து வருஷமாக விழுங்கவில்லையா?

அப்பா


ஓசூர்
30-8-1981

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு நமஸ்காரம். இங்கு நலம். அங்கு மழை உண்டா?

சுவர் முடிந்துவிட்டது. வீட்டுக்குள்ளேயே கைபம்பு இறக்கிவிட்டார். இனித் தெருக்குழாய்க்குப் போக வேண்டியதில்லை. குடத்தோடு நிற்கிற பெண்கள் பேசுகிற பேச்சு நல்லதில்லை என்பார். சமையலறை ஜன்னல் வழியாகத் தூசி வருகிறதென்று அதையும் செங்கல் வைத்து அடைத்து, மேலே புகை போக ஒரு ஓட்டை விட்டிருக்கிறார். பகலிலும் விளக்குப் போட்டுக்கொண்டு சமைக்கிறேன். காய்கறியெல்லாம் வாரத்துக்கு ஒரு தடவை அவரே சந்தையிலிருந்து வாங்கிவருகிறார். இந்த வாரம் உருளைக்கிழங்குப் பொரியல், வற்றல் குழம்பு, பருப்புத் துவையல்.

முன்கதவு மட்டும் இன்னும் பலகைக் கதவுதான். அவர் ஷிப்டுக்குப் போனால் கவலையாகவே இருக்கிறதாம். கடிதத்தை அவர்தான் ஒட்டித் தபாலில் போடுகிறார். தானும் எழுத இடம் வேண்டும் என்றார், அதனால் முடிக்கிறேன்.

அமிர்தம்

மாமாவுக்கு வணக்கம். தலைதீபாவளிக்கு லீவு கிடைக்காது. அமிர்தத்தைத் தனியாக அனுப்புவதும் முடியாது. மன்னிக்கவும். சீர் எதுவும் வேண்டாம். கதவு வேலைதான் பாக்கி, எப்படியாவது முடித்துவிடுவேன். — தணிகாசலம்.


குருசுக்குப்பம்
9-10-1981

அன்பு மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் ஆசி. இங்கே எல்லாரும் சௌக்கியம். உங்கள் சௌக்கியத்தை இந்தக் கடிதம் கொண்டுவருகிற லாரிக்காரரிடமே சொல்லியனுப்பினாலும் சரி.

ஆமாம், லாரி. தலைதீபாவளிக்கு மாப்பிள்ளையைக் கூப்பிட்டுச் சீர் செய்யாத மாமனார் என்று பெயரெடுக்க நான் தயாராக இல்லை. ராஜாங்கம் நமக்காகச் செய்த தேக்குக் கதவு சட்டத்தோடு வருகிறது. வேட்டி, புடவை, முறுக்கு டின் எல்லாம் அதன் மேலே கட்டியிருக்கிறது. "நம்ம வூட்டுக் கதவு இன்னா ஆவறது?" என்று அம்மா ஒரு தடவைதான் கேட்டாள். "நம்ம வீட்டில் திருட என்ன இருக்கிறது, உன்னையும் என்னையும் தவிர?" என்றேன். அவளும் ஒத்துக்கொண்டாள்.

ராஜாங்கத்திடம் சொல்லி நாதாங்கியைக் கனமாகப் போடச் சொன்னேன். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. பெரிய மார்க்கெட் பக்கத்தில் கடை கடையாக ஏறி ஏழு லீவர் பூட்டும் வாங்கியிருக்கிறேன். கடைக்காரர், "யானை வந்தாலும் திறக்காது" என்றார். யானை எதற்கு என் மகள் வீட்டுக்கு வருகிறது என்று கேட்டேன். ஆள் சிரிக்கவில்லை.

என் வாழ்க்கையில் ஒரு வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறேன் என்றால் இதுதான் அமிர்தம்.

அப்பா


ஓசூர்
4-11-1981

மரியாதைக்குரிய மாமாவுக்கு தணிகாசலம் எழுதியது. நலம்.

கதவு வந்து சேர்ந்தது. மாட்டியாகிவிட்டது. மிகவும் நன்றாக இருக்கிறது. முறுக்கும் கிடைத்தது. பூட்டுக்கு வந்த இரண்டு சாவிகளும் பத்திரமாக என்னிடம் இருக்கின்றன. இனி எனக்குக் கவலை இல்லை.

தங்கள்
தணிகாசலம்


ஓசூர்
10-12-1981

அன்புள்ள அப்பா, அம்மா, சுகமா? நான் சுகம்.

அம்மாவிடம் முதலில் சொல்லுங்கள். நாள் தள்ளிப்போயிருக்கிறது. இரண்டு மாதம். அவரிடம் சொன்னேன். சரி என்றார். டாக்டரம்மாவிடம் பிறகு போகலாம் என்றிருக்கிறார்.

காலையில் ஒன்றும் வயிற்றில் நிற்கவில்லை. புளிச்சக்கீரை ஒரு வாய் கிடைத்தால் போதும் என்று இருக்கிறது. இங்கே கிடைக்கவில்லை. கனவில்கூட அம்மா மண்சட்டியில் கடைந்து, காய்ந்த மிளகாய் தாளித்துக் கொட்டுகிற சத்தம் கேட்டது. ரசமும் அப்பளமும்தான் சாப்பிடுகிறேன். முடிந்தால் அம்மாவை நார்த்தங்காய் ஊறுகாய் போட்டு அனுப்பச் சொல்லுங்கள்.

அமிர்தம்


குருசுக்குப்பம்
21-12-1981

என் தங்க மகளுக்கு, பேரனோ பேத்தியோ வைத்திருக்கிற மகளுக்கு, தாத்தாவாகப் போகிற முட்டாள் எழுதுவது. உன் கடிதத்தைப் பிரித்த நேரத்திலிருந்து எங்களுக்குப் பசியில்லை, தூக்கமில்லை, ஆனால் உடம்பு மட்டும் ரொம்ப நன்றாக இருக்கிறது.

மில்லில் எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு வடை. பையனாகப் பிறந்தால் தயவுசெய்து என் பெயரை மட்டும் வைத்துவிடாதீர்கள். எனக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்காததால், இதையாவது எமன் சீந்தக்கூடாதென்று எனக்கு மண்ணாங்கட்டி என்று வைத்தார்கள். எமன் சீந்தவில்லை, வாத்தியாரும் சீந்தவில்லை.

ஊறுகாய் ஜாடியில் ஊறுகிறது. பொங்கல் சீரோடு நாங்களே எடுத்துவரலாம் என்றிருக்கிறோம். மாப்பிள்ளை ஒரு வரி எழுதினால் போதும். அழைக்காமல் மாமனார் வந்து நிற்பது அழகில்லை.

உன் அம்மாவுக்குத்தான் மூளை கலங்கியிருக்கிறது. நீ எழுதியதில் நல்ல சேதியை விட்டுவிட்டுக் கீரையைப் பிடித்துக்கொண்டாள். "ஜன்னல்ல கை நீட்டினா கீரைன்னு எழுதினவதானே? அந்த நரசம்மா இன்னா ஆனா? பாத்தி இன்னா ஆச்சு? ஆவணியிலேருந்து இவ வூட்டுல ஒரு நாள் பச்சை இலை வேவலைய்யா. உருளைக்கெழங்கு, வத்தல், அப்பளம். இது வெளியே போவாதவ சமையல்." ஜன்னலை அடைத்தது தூசிக்காக என்றேன். "தூசிக்கு அடைச்சா வாசல்ல வந்து குடுப்பா. வாசலுக்கு இன்னா கேடு?" என்கிறாள். மகளை மாப்பிள்ளை உள்ளே வைத்துப் பூட்டுகிறார் என்றே முடிவு கட்டிவிட்டாள்! மாப்பிள்ளை இதைப் படித்தால் விழுந்து விழுந்து சிரிப்பார். நீயே அவளுக்கு நாலு வரி எழுதித் தெளியவை.

அப்பா


குருசுக்குப்பம்
8-2-1982

அமிர்தத்துக்கு அப்பா எழுதுவது. நாங்கள் நலம் என்றுதான் எழுத வேண்டும்.

"பொங்கலுக்கு ஊரில் இருக்க மாட்டோம், வர வேண்டாம்" என்று மாப்பிள்ளை போட்ட கார்டு கிடைத்தது. அதற்குப் பிறகு நான் போட்ட இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை. போன தடவை நான் வேடிக்கையாக எழுதியதில் மாப்பிள்ளைக்கு வருத்தமா? என் வாயில் எப்போதும் சனிதான், உனக்குத் தெரியும். அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

நாலு மாதம் ஆகியிருக்கும். வாந்தி நின்றதா? டாக்டரம்மாவிடம் போனாயா? ஊறுகாய் நன்றாக ஊறிவிட்டது. பார்சலில் போட்டால் ஜாடி உடையுமே என்று அம்மா கையிலேயே வைத்திருக்கிறாள். என்ன சமைக்கிறாய் என்று ஒரு வரி எழுது. ஒரு வரி போதும்.

அப்பா


ஓசூர்
15-3-1982

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு. நலம். தை மாதம் உடம்பு சரியில்லாமல் இருந்தது. இப்போது தேவலை. எழுந்து நடக்கிறேன்.

ஊறுகாய் அனுப்ப வேண்டாம். அம்மா வர வேண்டாம்.

கஞ்சி வைக்கிறேன்.

நீங்கள் கொடுத்த கதவு நல்ல கதவு அப்பா. ரொம்பக் கெட்டி. எவ்வளவு தட்டினாலும் பக்கத்து வீட்டுக்குக் கேட்காது. ராஜாங்கம் மாமாவிடம் சொல்லுங்கள்.

அமிர்தம்


குருசுக்குப்பம்
30-3-1982

தணிகாசலம் அவர்களுக்கு மண்ணாங்கட்டி எழுதுவது.

இவ்விடம் நலமில்லை. அவ்விடத்து நலத்தை நான் விசாரிக்கப் போவதில்லை.

உங்கள் கடிதம் வந்தது. நீங்கள் இல்லாத நேரத்தில் வந்து பெண்ணையும் கூட்டிக்கொண்டு கதவையும் கழற்றிக்கொண்டு போனது திருட்டு, வாசலில் கதவில்லாமல் ஊர் சிரிக்கிறது, போலீசுக்குப் போவேன், மரியாதையாக இரண்டையும் அனுப்பிவை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குப் படிப்புக் குறைவு. தெரிந்த வரைக்கும் பதில் எழுதுகிறேன்.

அமிர்தம் எழுதிய கடைசிக் கடிதத்தை நான் முதலில் பாராட்டு என்றுதான் படித்தேன். நீங்களும் அப்படித்தான் படித்து ஒட்டியிருப்பீர்கள். ராஜாங்கத்திடம் காட்டிப் பெருமைப்படச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். ஊறுகாய் வேண்டாம் என்ற வரியிலேயே என் மனைவி தனக்கொடி சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். நான் வாசல் தாண்டும்போது கேட்டாள், "ஏய்யா, அவ வூட்டுல இருந்துக்கினு அவ இன்னாத்துக்குக் கதவைத் தட்டினா?"

நான் ராஜாங்கம் வீட்டுக்கு ஓடினேன். இந்த வயதில் நான் அப்படி ஓடி அவன் பார்த்ததில்லை என்று ராஜாங்கம் பிறகு சொன்னான். அவன் உளிப்பையை எடுத்துக்கொண்டான். அடுத்த நாள் உங்கள் வாசலில் நின்றோம். நான் வாங்கிக் கொடுத்த பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

தட்டினேன். பலகையில் காதை வைத்தேன். "யாரு?" என்றது. அப்பா என்றேன். என் மகள், கடைக்காரருக்குச் சொல்வது மாதிரி, "அவரு இல்லப்பா. சாவி அவருகிட்ட இருக்குது. அப்புறமா வாங்க" என்றாள். அழுதிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

யானைக்குத் திறக்காத பூட்டைத் தொடவே இல்லை. ராஜாங்கம் தான் அடித்த நாதாங்கியைத் தானே பெயர்த்தான். உளியைத் தட்டும்போது, "பாவி, இத்தினி கனமாப் போடச் சொன்னியேடா" என்று என்னைத் திட்டிக்கொண்டே தட்டினான்.

சத்தம் கேட்டு நரசம்மா வந்து, பாதித் தெலுங்கும் பாதிச் சைகையுமாகச் சொன்னார். தை மாதம் நீங்கள் பெங்களூருக்குப் பயிற்சிக்குப் போய் இரண்டு நாள் கழித்து வந்தீர்களாம். அந்த இரண்டு நாளும் உங்கள் வீட்டிலிருந்து தொப் தொப்பென்று சத்தம் கேட்டதாம். பொங்கல் சமயம், பெண் மாவு இடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாராம். அதை என்னிடம் சொல்லிவிட்டு அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டார். இடையில் சத்தம் நின்றுவிட்டதாம். மாவு ஆகிவிட்டது என்று நினைத்தாராம்.

பேரனுக்கு என் பெயர் வேண்டாம் என்று வேடிக்கையாக எழுதினேன். வைக்கச் சொல்லியிருந்தால் ஒருவேளை அந்தப் பிள்ளை வயிற்றில் தங்கியிருக்கும்.

கதவைப் பற்றி. அது நான் கொடுத்த சீர். அதைக் கழற்றி லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தது நான்தான், எந்தப் போலீசிடமும் சொல்வேன். இங்கே வந்ததும் ராஜாங்கம், "உன் வூட்டு வாசலுக்குத்தானே செஞ்சேன், மாட்டிடவா?" என்றான். தனக்கொடி கோடாலியை எடுத்துவந்தாள். ராஜாங்கமே பிளந்து கொடுத்தான். ஒரு வாரமாக எங்கள் அடுப்பில் அதுதான் எரிகிறது. தேக்கு நின்று எரிகிறது, நல்ல மரம். முதல் நாள் அதில் புளிச்சக்கீரை கடைந்தாள். அமிர்தம் இரண்டு வாய் சாப்பிட்டாள். கதவு வேண்டுமென்று இனியும் கேட்டால் சாம்பலைப் பொட்டலம் கட்டி அனுப்புகிறேன்.

பெண்ணை அனுப்ப மாட்டேன்.

எங்கள் பழைய கதவு அப்படியேதான் இருக்கிறது. முட்டுக்கொடுத்த குழவியைத் தனக்கொடி கொல்லையில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டாள். ராத்திரியும் பகலும் திறந்தே கிடக்கிறது. ஆனாலும் அமிர்தம் தெருவில் இறங்குவதற்கு முன்னால் உள்ளே திரும்பி, "போவட்டுமாப்பா?" என்று கேட்கிறாள். போம்மா என்கிறேன். நிலைப்படியில் நிற்கிறாள். நான் இன்னொரு தடவை சொல்லும்வரை நிற்கிறாள்.

இப்படிக்கு
அமிர்தவல்லியின் அப்பா
மண்ணாங்கட்டி